பதினேழு பாயிண்ட்

டிசம்பர் 9, திங்கள்

காலை வெறும் வயிற்றில் 212.

இந்த நோட்டை நர்ஸ் எழிலரசி கொடுத்தாள். தினமும் விடிந்ததும் விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்து எழுத வேண்டுமாம். என்ன தின்றேன் என்றும் எழுத வேண்டுமாம். ஒரு வரி போதும் என்றாள். இருநூறு பக்க நோட்டைக் கையில் கொடுத்துவிட்டு ஒரு வரி போதும் என்றால் என்ன அர்த்தம்? எனக்குப் பேச ஆளில்லை, எழுதுகிறேன். எழிலரசி, நீ இதைப் படிப்பதானால் எண்ணை மட்டும் படி. மற்றது உனக்கில்லை.

தின்றது: களி, கீரை, மோர்.

என் பெயர் நல்லம்மாள், வயது ஐம்பத்து நான்கு. நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் மாராயி இருக்கிறாள். என் வீட்டுக்காரருடைய அண்ணன் பெண்டாட்டி. அவளுக்கும் புருசன் இல்லை. நாங்கள் பேசி நாலு வருடம் ஆகிறது. அவள் என் வீட்டுக்காரரைக் கொன்றவள். சர்க்கரை வியாதிக்காரருக்குக் கச்சாயம் கொண்டுவந்து கொடுத்தாள். அரிசி மாவும் வெல்லமும் பிசைந்து எண்ணெயில் பொரித்த பலகாரம். அன்றைக்கே அவர் போய்விட்டார். எழவு வீட்டில் ஊரே கேட்கும்படி சொன்னேன், இன்றைக்கும் சொல்வேன்.

பேச்சு இல்லையே தவிர சத்தம் உண்டு. அவள் சொல்ல வேண்டியதைத் தன் வெள்ளாட்டிடம் சொல்வாள், எனக்குக் கேட்கும். நான் என் கருங்கோழியிடம் சொல்வேன், அவளுக்குக் கேட்கும்.

டிசம்பர் 11, புதன்

198. களி, முருங்கைக்கீரை. ஒரே ஒரு பிஸ்கட்.

திருப்பூரிலிருந்து மகன் மோகனசுந்தரம் போன் செய்தான். அதே பாட்டுத்தான். "எதுக்கும்மா ஒண்டியா கெடந்து சாவறே? தோட்டத்த வித்துப்போட்டு இங்க வந்துரு. ஆளு ரெடியா இருக்குது."

போன மாசி மாதமே அவனிடம் கெடு வாங்கியிருந்தேன். மூன்று வருடம் குத்தகைக்கு விட்டிருந்த ஒன்றரை ஏக்கரைத் திருப்பி வாங்கி, முதன்முதலாக நானே மரவள்ளி போட்டேன். இந்த வெள்ளாமை நல்லபடியாக ஜவ்வரிசி ஆலைக்குப் போனால் அவன் விற்கிற பேச்சை எடுக்கக் கூடாது. போகாவிட்டால் நான் வாயைத் திறக்காமல் கையெழுத்துப் போட வேண்டும். அவன் மறக்கவில்லை. "பொங்கலுக்கு வரும்போது பேப்பரோட வர்றேன்" என்றான். பெற்ற பிள்ளை பண்டிகைக்கு அம்மாவுக்குக் கொண்டு வருகிற சீர் இது.

டிசம்பர் 12, வியாழன்

205. பழைய சோறு. தெரிந்தே தின்றேன்.

புரட்டாசியிலிருந்து மழை இல்லை. மரவள்ளி இலையெல்லாம் கொட்டிவிட்டு வெறும் குச்சியாக நிற்கிறது. பார்க்கவே வயிறு எரிகிறது. மாராயி தோட்டமும் அப்படித்தான், அது ஒன்றுதான் ஆறுதல்.

கிணறு இரண்டு பேருக்கும் பொது, மோட்டாரும் பொது. திங்கள், புதன், வெள்ளி என் முறை. செவ்வாய், வியாழன், சனி அவள் முறை. ஞாயிறு மோட்டாருக்கு ஓய்வு. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. இருந்தும் மாராயி ஒரு மாதமாக மோட்டார் பக்கம் போகவில்லை. கொழுப்புத்தான். இல்லாவிட்டால் வயதாகிவிட்டது, எழுந்து போக முடியவில்லை.

டிசம்பர் 14, சனி

220. கேட்காதே.

நேற்று என் முறையில் தண்ணீர் கட்டினேன். இன்று அவள் முறையிலும் கட்டினேன். பொழுது விடிவதற்கு முன்பே போய் மோட்டாரைப் போட்டுவிட்டேன். அவள் வேண்டாமென்று விட்டதை எடுத்தால் அது திருட்டாகுமா?

டிசம்பர் 17, செவ்வாய்

190. கம்பங்கூழ்.

இன்றும் அவள் முறையில்தான் கட்டினேன். திரும்பி வந்து கை கழுவும்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்டுக்குப் பாடம் நடந்தது.

"ஏ ஆடே, எந் தண்ணிய எவளோ எடுத்துக்கட்டும், எனக்கொண்ணும் கொறஞ்சு போவாது. ஆனா காஞ்சு நிக்கிற மரவள்ளிக்குப் பறிக்கப் போற நேரத்துல தண்ணி காட்டுனா, அது கெழங்குல இருக்கறதத் தின்னுபோட்டுத்தான் தழையும். வெறும் பச்சையப் பாத்து நாக்க வழிச்சுக்க வேண்டியதுதான்."

என் செடி தழைத்துவிடும் என்று வயிற்றெரிச்சல். பொய் சொல்லியாவது என்னை நிறுத்தப் பார்க்கிறாள். நான் கோழியிடம் சொன்னேன்: "கேட்டியா கோழி? ஆளக் கொன்னவ வெவசாயம் சொல்லிக் குடுக்கறா. கேட்டு நடந்துக்க."

அன்றைய சாப்பாடு எனக்கு ருசியாக இருந்தது.

டிசம்பர் 22, ஞாயிறு

184. களி.

கணுவுக்குக் கணு துளிர் விட்டிருக்கிறது. இளம் பச்சை, காம்பு சிவப்பு. அவள் பக்கம் இன்னும் குச்சிதான். வரப்பில் நின்று கண் நிறையப் பார்த்தேன்.

அவர் இருந்தால் பார்த்திருப்பார். இல்லை, பார்த்திருக்க மாட்டார். அவருக்குத் தின்பதைத் தவிர வேறு எதிலும் கண் கிடையாது. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் ஜாங்கிரி வாங்கி இலைக்கு அடியில் ஒளித்துத் தின்பார். கடைசியாகப் போன கல்யாணத்திலும் நான்கு தின்றார், கையும் களவுமாகப் பிடித்தேன். அவருக்கு இன்சுலின் ஊசி போட்டது நான்தான். கோடு பார்த்து மருந்து ஏற்றுவேன். எனக்குக் கை தவறியதே இல்லை.

டிசம்பர் 29, ஞாயிறு

201.

தோட்டம் முழுக்கப் பச்சை கட்டிவிட்டது. ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். மாராயியும் பார்த்தாள். தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அந்தத் தலையாட்டல் எனக்குப் பிடிக்கவில்லை.

ஜனவரி 1, புதன்

243.

வெள்ளிக்கிழமை எழிலரசி வருவாள். இந்த எண்ணைப் பார்த்தால் திட்டுவாள். இன்று ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிடுகிறேன். நாளைக்கு நல்ல எண் வரும்.

ஜனவரி 2, வியாழன்

பார்க்கவில்லை.

சுருக்கமாக எழுதுகிறேன். கை இன்னும் ஒரு நிலையில் இல்லை. காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஒன்றும் தின்னாமல், மண்வெட்டியோடு போனேன். மாராயி முறை நாள்தான். இரண்டு பாத்தி மடை திருப்பியிருப்பேன். உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. மார்கழிக் குளிரில் அப்படி ஒரு வேர்வை. கை நடுங்கியது. அதற்கப்புறம் தெரியாது.

கண் திறந்தபோது வரப்பில் கிடந்தேன். வாயெல்லாம் வெல்லம். தலைக்கு அடியில் யாரோ ஒரு சாக்கை மடித்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் யாரும் இல்லை. மோட்டார் நின்றிருந்தது, அறைக்குப் புதுப் பூட்டுப் போட்டிருந்தது. என் முந்தானையில் வெள்ளாட்டு மயிர் ஒட்டியிருந்தது. காற்றில் வந்திருக்கும்.

ஜனவரி 3, வெள்ளி

156. இரண்டு இட்லி.

எழிலரசி வந்தாள். நோட்டில் நேற்றைய தேதிக்கு எண் இல்லையே என்று கேட்டாள். மயக்கம் வந்ததைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள்.

"நாம திங்கறதுல ஒடனே செலவாகாத சக்கரைய ஈரல் எடுத்துச் சேத்து வச்சுக்கும்மா. மாவாட்டம். ராத்திரி நீங்க தூங்கறப்ப அதுலருந்துதான் கொஞ்சங் கொஞ்சமா ரத்தத்துக்குக் குடுத்துட்டு இருக்கும். நீங்க ராத்திரியும் திங்கல, காலையிலயும் திங்கல. மாத்திரையும் போட்டுட்டு மம்முட்டியும் புடிச்சிருக்கீங்க. சேத்து வச்சது பத்தல, சக்கரை ஒரேயடியா எறங்கிப் போச்சு."

"சர்க்கரை கொறஞ்சா நல்லதுதானே?" என்றேன்.

"அதிகமா இருந்தா மெதுவாக் கொல்லும். ரொம்பக் கொறஞ்சா அன்னைக்கே கொன்னுரும். வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு கொழறும். பெத்த புள்ளையவே தெரியாது, கண்டபடி பேசுவாங்க. ஊசி போட்டுக்கறவங்களுக்கு இன்னும் வெரசா வரும். மருந்து அதிகமா ஏறிப்போயி, சாப்பாடும் கொறஞ்சிருந்தாச் சொல்லவே வேண்டாம்."

"அப்ப என்ன செய்யோணும்?"

"முழுங்கற நெலமையில இருந்தா இனிப்புத்தான். சக்கரை, வெல்லம், எது கைக்குக் கெடைக்குதோ அது."

"சக்கரை வியாதிக்காரருக்கா?"

"அவங்களுக்குத்தாம்மா. நேத்து உங்க வாயில யாரு வெல்லம் வெச்சா?"

தெரியாது என்றேன். வேறு பேச்சுக்குப் போனேன். அவளுக்கு ஒரு கூடை அவரைக்காய் பறித்துக் கொடுத்து அனுப்பினேன்.

ஜனவரி 5, ஞாயிறு

230. தூக்கம் இல்லை.

ஜனவரி 6, திங்கள்

226.

அவர் போன அன்று அவருக்குப் பேச்சு குளறியது. என்னைப் பார்த்து "நீ யாரு?" என்று கேட்டார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. முந்தின நாள் ஜாங்கிரி தின்ற கொழுப்பு ஏறிவிட்டது என்றுதான் நினைத்தேன். அவர் நாக்கை அடக்க வேண்டும் என்று காலையிலிருந்து வெறும் மோர்தான் கொடுத்திருந்தேன்.

மாராயி சத்தம் கேட்டு ஓடி வந்தாள். அன்று அவர்கள் வீட்டில் கச்சாயம் சுட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றைக் கையிலேயே எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். "வாயத் தொறங்க, வாயத் தொறங்க" என்றாள். அவளுடைய அப்பனும் இதே வியாதியில் ஊசி போட்டுக்கொண்டவர்தான். பார்த்துப் பழகியிருப்பாள்.

அன்று காலை ஊசியில் எத்தனை கோடு கூடுதலாக ஏற்றினேன் என்பதை இந்த நோட்டில் எழுதப் போவதில்லை.

ஜனவரி 7, செவ்வாய்

மாராயி தன் தோட்டத்தைப் பறித்தாள். ஆளுயரக் குச்சியைப் பிடித்து இழுத்தால் தொடை தொடையாகக் கிழங்கு வருகிறது. இருக்கட்டும். இலை இல்லாத செடியிலேயே இவ்வளவு என்றால் என்னுடையதில் எவ்வளவு இருக்கும்?

ஜனவரி 8, புதன்

209.

என் தோட்டத்தின் நான்கு மூலையிலும் பறித்து ஒரு மூட்டை எடுத்துக்கொண்டு சேகோ ஆலைக்குப் போனேன். ஜவ்வரிசியும் மாவும் அங்கேதான் செய்கிறார்கள். கிழங்கை எடைக்கு வாங்குவதில்லை, பாயிண்டுக்கு வாங்குகிறார்கள். கம்பிக் கூடையில் கிழங்கைப் போட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி நிறுத்துப் பார்ப்பார்கள். மாவு நிறைய உள்ள கிழங்கு தண்ணீருக்குள்ளும் கனக்கும். அதைக் கொண்டு பாயிண்ட் சொல்வார்கள். இந்த வருடம் இருபத்திரண்டுக்குக் கீழே இருந்தால் லாரியை வாசலிலேயே திருப்பிவிடுகிறார்கள்.

பாயிண்ட் பார்க்கிறவர் பெயர் சடையப்பன். இரண்டு தடவை இறக்கிப் பார்த்தார். பதினேழு.

உங்கள் தராசில் கோளாறு என்றேன். அவர் பலகையைக் காட்டினார். எனக்கு முன்னால் வந்த கிழங்கு இருபத்தொன்பது என்று எழுதியிருந்தது. மாராயியுடையது. அதே கிணறு, அதே மண்.

சடையப்பன் என் கிழங்கு ஒன்றை ஒடித்தார். சுண்ணாம்பு வெள்ளையாக இருக்க வேண்டியது, ஊறிப்போய்க் கண்ணாடி மாதிரி இருந்தது. "தண்ணி கட்டுனீங்களாக்கும்?"

"நல்லாத்தான் கட்டுனேன். தோட்டம் பச்சப்பசேல்னு நிக்குது."

"அந்தப் பச்சை எங்கிருந்து வந்துச்சுன்னு நெனைக்கறீங்க? எலையில்லாம நிக்கற செடிக்குச் சோறு ஏதுங்க? வெயில் காலத்துல பட்டினி கெடந்தாலும் பொழைச்சுக்கலாம்னு அது வேருல மாவச் சேத்து வெச்சிருக்குது. நீங்க தண்ணியக் காட்டி எழுப்பி வுட்டீங்க. அந்த மாவக் கரைச்சு மேல ஏத்தித்தான் அது எலை வுட்டிருக்குது. முன்னாடியே யாரும் சொல்லலீங்களா?"

யாரும் சொல்லவில்லை என்றேன்.

டெம்போவில் திரும்பி வரும்போது அது பொய் என்று நினைவு வந்தது. சொன்னாள். ஆட்டிடம் சொன்னாள், எனக்குக் கேட்கும்படி சொன்னாள். அவள் சொன்னாள் என்பதற்காகவே நான் நம்பவில்லை. அன்றைக்குக் கச்சாயத்தோடு வந்தபோதும் அப்படித்தான்.

ஜனவரி 10, வெள்ளி

215. எதையும் தின்னப் பிடிக்கவில்லை. ஆனாலும் மாத்திரைக்கு முன்னால் இரண்டு தோசை தின்றேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் காலையிலேயே ஆடு திட்டு வாங்கியது.

"கேட்டியா ஆடே, ஆத்தரத்துல தோட்டத்தப் பறிச்சு வீதியில எறிஞ்சுபோடப் போறா. பறிக்காம வுட்டாத் தேவல. எலைதான் வந்துருச்சல்ல? இனிமே எலை வெயில்ல பாடுபட்டுச் சம்பாதிச்சு, தின்னதயெல்லாம் திருப்பிக் கொண்டாந்து கெழங்குலயே வெக்கும். மூணு மாசம் புடிக்கும். ஆனா நடுவுல தண்ணி கட்டறத நிறுத்தக் கூடாது."

கோழி என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது.

ஜனவரி 12, ஞாயிறு

188.

மோகனசுந்தரம் வந்துவிட்டான். கரும்பும் கொண்டுவந்தான், பேப்பரும் கொண்டுவந்தான். பாயிண்ட் விஷயம் வீடு வருவதற்குள்ளேயே அவன் காதுக்கு எட்டியிருந்தது. சித்திரை வரைக்கும் பொறு என்றேன். கிழங்கு திரும்ப மாவு கட்டும் என்றேன்.

"யாரு சொன்னா?"

"ஆடு" என்றேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. அவனும் இந்த வீட்டில் வளர்ந்தவன்தானே.

கொஞ்ச நேரம் கணக்குப் போட்டான். "உம்பட மூணு நாள் முறைய வெச்சு ஒன்றரை ஏக்கருக்குத் தண்ணி பத்தாதும்மா. பெரியம்மா தோட்டம் காலியா இருக்குது, அவங்களுக்குச் சித்திரை வரைக்கும் தண்ணி வேண்டியதில்ல. ஆனா அவங்க முறை நாளுக்குப் பூட்டுப் போட்டிருக்காங்க. நீ போய்க் கேளு. கேட்டு அவங்க குடுத்தாங்கன்னா, நான் பேப்பரத் திருப்பி எடுத்துட்டுப் போறேன். கேக்க முடியாதுன்னா, செவ்வாக்கெழம கையெழுத்துப் போடு."

என் பிள்ளைக்கு என்னை எங்கே அடிக்க வேண்டும் என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது. பேப்பரில் கையெழுத்துப் போடுவதா, அவள் காலில் விழுவதா?

ஜனவரி 13, திங்கள், போகி

176.

மகன் கடைக்குப் போனபிறகு சுவரோரம் போய் நின்றேன். அந்தப் பக்கம் வாசல் கூட்டுகிற சத்தம் கேட்டது. கோழிக்குக் கம்பு இறைத்தேன். கோழி வந்தது. சத்தமாகச் சொன்னேன். ஒரு தடவைக்கு மேல் சொல்ல என்னால் முடியாது.

"ஏ கோழி, கேட்டுக்க. அன்னைக்கு அந்தம்மா கொண்டாந்த கச்சாயத்த அவரு ஒரு வாய்கூடத் திங்கல. ஒதட்டுகிட்ட வந்ததயே நான் தட்டி வுட்டேன். மண்ணுல வுழுந்துச்சு. உங்கொம்மாதான் பொறுக்கித் தின்னா. அதத் தின்னுதான் செத்தாருன்னு ஊருக்கு முன்னால நான் சொன்னது பொய்யி. தின்னிருந்தா அவரு பொழச்சிருப்பாரு."

வாசல் கூட்டுகிற சத்தம் நின்றது. நான் நின்றேன். கம்பு தீர்ந்து கோழியும் போய்விட்டது. தண்ணீர் வேண்டும் என்று கேட்கவே மறந்துவிட்டேன்.

ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

169. ஒரு கரண்டி பொங்கல். எழிலரசி, எழுதிவிட்டேன்.

கையெழுத்துப் போட இன்றைக்குத்தான் கெடு. பேப்பரும் பேனாவும் மேசைமேல் இருந்தன. பொங்கல் இறக்கி வைத்திருந்தேன். சுவருக்கு மேலே மாராயியின் தலை தெரிந்தது. நாலு வருடத்தில் முகத்தை நேராக இப்போதுதான் பார்க்கிறேன். நிறைய நரைத்துவிட்டது. ஆட்டிடம் பேசவில்லை.

"நல்லம்மா."

"என்னக்கா?" என் வாயிலிருந்து அக்கா என்று வந்துவிட்டது.

"நாலு வருசம். ஒரு கண்ணாலத்துக்கு, ஒரு காது குத்துக்கு யாராச்சும் என்னையக் கூப்புட்டிருப்பாங்களா? எம் பேத்தி கையில நான் முட்டாயி குடுத்தாக்கூட எம் மருமவ வாங்கி மோந்து பாக்கறா. உன்னைய நான் மன்னிக்கல. சாகற வரைக்கும் மன்னிக்க மாட்டேன்."

மாராயி கிணற்றுப் பக்கம் கையைக் காட்டினாள்.

"மோட்டார் ஓடுது. போய் மடையப் பாரு. தின்னுட்டுப் போ."

தலை மறைந்தது. மோகனசுந்தரம் பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். தோட்டத்துக்குப் போய் அழுதேன். அவருக்காகவும் அழுதேன்.

பிப்ரவரி 20, வியாழன்

148. மாராயி முறையில் தண்ணீர் கட்டினேன். பூட்டைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். அதற்கப்புறம் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆட்டிடம் மட்டும், மடையை ஒழுங்காக அடைக்கத் தெரியாதவள் என்று என்னைப் பற்றிச் சொன்னாள்.

மார்ச் 18, செவ்வாய்

139. செடி அப்படியே நிற்கிறது. ஒரு கிழங்கைத் தோண்டி ஒடித்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் வெள்ளை.

ஏப்ரல் 16, புதன்

131. இரண்டு இட்லி, பிறகு மாத்திரை.

இருபத்தாறு பாயிண்ட். சடையப்பன் இரண்டு தடவை இறக்கிப் பார்த்தார், இரண்டு தடவையும் அதேதான். லாரி ஆலைக்குள்ளே போனது. மகனுக்குப் போன் செய்தேன். "சரிம்மா, நடத்து" என்றான்.

ஏப்ரல் 18, வெள்ளி

128.

அரிசி ஊறவைத்து இடித்து, வெல்லம் போட்டுப் பிசைந்து, கச்சாயம் சுட்டேன். நான் ஒன்றைக்கூட வாயில் வைக்கவில்லை. எழிலரசி, இது சத்தியம். ஆறு கச்சாயத்தை ஒரு தட்டில் வைத்து நடுச்சுவர்மேல் வைத்துவிட்டு, கோழியிடம்கூட ஒன்றும் சொல்லாமல் உள்ளே வந்து ஜன்னலோரம் நின்றுகொண்டேன்.

மாராயி வெகு நேரம் தட்டைப் பார்த்தாள். பிறகு எடுத்துக்கொண்டு போய் ஆட்டுக்கு முன்னால் கொட்டினாள். ஐந்துதான் கொட்டினாள். முதலில் ஒன்றை அவள் தின்றாள், நான் பார்த்தேன்.